துப்பறியும் கதையும் அப்பாச்சியும்

கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலராசிரியர் எம்மைப் பணித்தபோது, சங்க இலக்கியத்தில் விருந்தோம்பல் என்றோ நாவலர் பெருமானின் உரைநடை என்றோ ஒரு பொருளை எடுத்து எழுதுவோம் என அவர் எதிர்பார்த்திருப்பார். நாமும் அவ்வாறு எண்ணியே எழுதுகோலை எடுத்தோம். எனினும், மூன்று ஆண்டுகளாக எமது நெஞ்சிலே கிடந்து உறுத்தும் ஒரு வினா வேறெதனையும் எழுதவிடாது வழிமறித்து நிற்கின்றது. அவ்வினா பிறந்த இடம் ஒரு கொலைக் கதை. தமிழாசிரியன் ஒருவன் கொலைக் கதையைப் பற்றி எழுதுவதா எனப் பெரியோர் முகஞ் சுளிப்பாராயின், கட்டுரையை முற்றும் படித்த பின்னர் சுளித்தருளுமாறு பணிவுடன் வேண்டுகின்றோம்.

நடந்தது இதுதான். உயர்தர வகுப்பிலே ஆகுபெயர் கற்பித்துக்கொண்டிருந்தோம். இடைவேளைக்குப் பின் வந்த பாடவேளை. வெளியே வெயில் கொளுத்திற்று. பின்வாங்கிலே மாணவன் ஒருவன் தலைகுனிந்து ஆழ்ந்த ஈடுபாட்டுடன் இருந்தான். ஆகுபெயரிலே அத்துணை ஈடுபாடு காட்டும் மாணவனை எமது ஆசிரியப் பணியில் நாம் அதுகாறும் கண்டதில்லை. ஐயங்கொண்டு அருகே சென்றோம். இலக்கண நூலின் நடுவே, அட்டை கிழிந்த ஆங்கிலப் புத்தகமொன்று விரிந்து கிடந்தது.

"என்ன தம்பி இது?"

"கதைப் புத்தகம், சேர்."

"என்ன கதை?"

"கொலைக் கதை, சேர். ஒரு தீவிலை நடக்குது."

உண்மையை ஒளிக்காது உரைத்தமைக்காகத் தண்டனையைக் குறைத்து, புத்தகத்தை மட்டும் பறிமுதல் செய்தோம். அது அகதா கிறிஸ்ரி அம்மையார் எழுதி 1964ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஒரு கரிபியன் மர்மம்' என்னும் பொருள்படும் நாவல். அன்றிரவு பயிற்சிக் கொப்பிகளைத் திருத்த அமர்ந்தவர், ஒரு பக்கம் பார்ப்போம் என்று அதனைப் புரட்டினோம். திருத்தப்படாத கொப்பிகள் திருத்தப்படாதபடியே கிடக்க, கோழி கூவும் வேளையிலே கடைசிப் பக்கத்தை அடைந்தோம்.

இவ்விடத்திலே ஓர் ஒப்புதல் வாக்குமூலமும் தந்துவிடுதல் நன்று. இந்நோய் எமக்குப் புதிதன்று. தொண்ணூறுகளின் தொடக்கத்திலே, மின்சாரம் என்பதொன்று இருந்ததென்பதையே யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் மறந்துவிட்ட காலத்திலே, ஜாம் போத்தல் விளக்கின் சிற்றொளியில் தமிழ்வாணனின் சங்கர்லாலை நாம் எழுத்தெழுத்தாக விழுங்கியதுண்டு. ஒரு புத்தகம் பத்து வீடுகளைச் சுற்றி வரும். வரும்போது சிலவேளை கடைசிப் பக்கங்கள் இரா. கொலைஞன் யாரெனத் தெரியாமல் நாம் நித்திரையின்றிப் புரண்ட இரவுகள் பல. கோப்பாயிலே ஆசிரிய பயிற்சி பெற்று, இலக்கணமும் உரையாசிரியர்களும் எமது பிழைப்பாக ஆன பின்னர், இக்கதைகளைப் படிப்பது ஆசிரியனுக்கு அழகன்று எனக் கருதி விட்டிருந்தோம். விட்ட பழக்கம் ஒரு மாணவனின் புத்தகத்தால் மீண்டது.

கொலைக் கதை எழுதுவோர் தீவை, அதிலும் வெயில் காயும் விடுமுறைத் தீவை, விரும்புவதேன்? அன்றிரவு எமக்குள் எழுந்த முதல் வினா அதுவே. காரணத்தைத் தேடுவோர் இங்கிலாந்தின் தென்கரையில் டெவன் மாவட்டத்திலுள்ள பேர்க் தீவைப் பார்த்தல் வேண்டும். மிகச் சிறிய தீவு. கடல் வற்றுங்கால் கரையிலிருந்து மணலிலே நடந்து செல்லலாம். கடல் பெருகுங்கால் வழி மறைந்துவிடும். அப்பொழுது உயர்ந்த சக்கரங்களின் மேல் மேடை அமைத்த ஒருவகை வண்டி, நீரைக் கிழித்துக்கொண்டு ஆட்களை ஏற்றிச் செல்லும். 1929ஆம் ஆண்டில் அங்கே செல்வர்க்கென ஒரு விடுதி எழுந்தது. டெவனிலே பிறந்து வளர்ந்தவரான கிறிஸ்ரி அம்மையார் அத்தீவை உள்ளத்திலே கொண்டு இரு நாவல்கள் எழுதினார். ஒன்று, பத்துப் பேர் ஒரு தீவுக்கு வரவழைக்கப்பட்டு ஒருவர் பின் ஒருவராக மாளும் கதை, 1939இல் வந்தது. மற்றையது, கடற்கரையிலே வெயில் காய்ந்த அழகியொருத்தி கழுத்து நெரிக்கப்பட்டு இறக்கும் 'கதிரவன் கீழே கொடுமை' என்னத்தகும் கதை, 1941இல் வந்தது.

இவ்விரண்டாவது கதையிலே துப்பறிவாளர் புவாறோ சொல்லும் நியாயம் ஒன்று எம்மைச் சிந்திக்க வைத்தது. ஒருவன் தன் பகைவனைத் தேடி அவன் ஊருக்குப் போனால், ஏன் வந்தாய் என்று ஊர் கேட்கும். ஆனால் விடுமுறைக் காலத்துக் கடற்கரையிலே அவ்வாறு கேட்பாரில்லை. எல்லாரும் இளைப்பாற வந்தவர். வந்ததற்குக் காரணம் சொல்ல வேண்டியவர் எவருமிலர். கேள்வியில்லாத இடம் குற்றத்துக்கு வாய்ப்பான இடம் என்பது அதன் கருத்து. அவ்விடத்திலே ஒவ்வொருவரும் தத்தம் வரலாற்றைத் தாமே சொல்லிக்கொள்வர். "நான் படைத் தலைவனாக இருந்தவன்" என்றால் அதுவே சான்று; மறுத்துரைக்க அயலவர் இலர். எமது ஊரிலே இவ்வித்தை பலிக்குமோ? பேருந்திலே பக்கத்து இருக்கையில் அமர்ந்தவர், "தம்பி எந்த இடம்? ஆற்றை மோன்?" என்று தொடங்கி, பண்ணைத் தாம்போதியைக் கடக்கு முன்னரே மூன்று தலைமுறையை விசாரித்துவிடுவாரன்றோ!

கதாசிரியர்க்கு வேறொரு நன்மையும் உண்டு. தீவிலே படகு நின்றுவிட்டால், கொலைஞனும் அவனைத் தேடுவோரும் அடுத்துச் சாகப்போகின்றவரும் ஒரே மேசையிலே உணவருந்த வேண்டியவராகின்றனர். வெயிலும் ஓர் உத்தியே. இருளிலே பேயைக் கண்டு அஞ்சுவது எளிது. நண்பகலிலே, வெண்மணலிலே, எல்லாரும் சிரித்திருக்கும் வேளையிலே அச்சத்தை உண்டாக்குவதே திறமை. மேற்சொன்ன 1941ஆம் ஆண்டு நாவலை 1982இல் திரைப்படமாக்கியோர் டெவனின் வெயில் போதாதென்று கருதினர்போலும். கதையை ஏதிரியாற்றிக் கடலுக்கு மாற்றி, மத்தியதரைக் கடலிலுள்ள மயோர்க்காத் தீவிலே படம்பிடித்தனர்.

இனி, நாம் பறிமுதல் செய்த நாவலுக்கு வருவோம். இங்கிலாந்துக் கிராமமொன்றிலே வாழும் மார்ப்பிள் அம்மையார் முதுமையடைந்தவர், மணமாகாதவர். நோயுற்றுத் தேறிய அவரை அவருடைய பெறாமகன் தன் செலவிலே சென்ற் ஒனரே என்னும் கற்பனைத் தீவின் விடுதிக்கு அனுப்புகின்றான். நாள்தோறும் ஒரே வெயில், ஒரே கடல், ஒரே பனைமரம். அம்மையாருக்கு அலுப்பு. பல்கிறேவ் என்னும் ஓய்வுபெற்ற மேஜர் தம் பழங்கதைகளைச் சொல்லி அவரை மேலும் அலுப்பூட்டுகின்றார். ஒருநாள், கொலை செய்து தப்பிய ஒருவனின் கதையைச் சொல்லி, அவனுடைய படத்தைக் காட்டுவதற்காகப் பையிலிருந்து எடுத்தவர், அம்மையாரின் தோளுக்கு மேலாக எதையோ கண்டு திடுக்கிட்டுப் படத்தை மறைத்து, வேறு பேச்சை உரத்துத் தொடங்குகின்றார். மறுநாட் காலை அவர் பிணமாகக் கிடக்கின்றார். முதியவர், குருதியழுத்த நோயாளி, குடிப்பழக்கமும் உடையவர். ஆகவே இயற்கை மரணம் என்று முடித்து அடக்கஞ் செய்துவிடுகின்றனர். விடுதியிலே மீண்டும் இசை ஒலிக்கின்றது.

ஐயுற்றவர் இருவர். ஒருவர், கம்பளி பின்னிக்கொண்டிருக்கும் கிழவி. மற்றவள், அறைகளைத் துப்புரவு செய்யும் அத்தீவுப் பெண் விக்ரோறியா. மேஜரின் அறையிலே குருதியழுத்த மாத்திரைப் போத்தல் முன்னர் இருந்ததில்லையே, இறந்த அன்று எவ்வாறு வந்தது என்று அவள் ஐயுறுகின்றாள்; வாய்விட்டுச் சொல்லியும் விடுகின்றாள். அவளும் கொல்லப்படுகின்றாள். இறுதியிலே அம்மையார் கொலைஞனைக் கண்டுபிடிக்கின்றார். அவன் யாரென்று சொல்லி, இனிப் படிக்கவிருக்கும் மாணவச் செல்வங்களின் இன்பத்தைக் கெடுக்க மாட்டோம்.

மறுநாள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தோம். "சேர், வாசிச்சனீங்களோ?" என்று கேட்டான் மாணவன். எமது கண்களின் செம்மையே விடை சொல்லிற்று. கதையின் கட்டுக்கோப்பை வியந்து சில சொற்கள் சொன்னோம். அவன் கேட்டுக்கொண்டு நின்றான். பின்னர் மெல்லக் கேட்டான்:

"எல்லாம் சரி, சேர். அந்த விக்ரோறியாவுக்கும் ஒரு அம்மா இருந்திருப்பாதானே. அவ ஆரிட்டைப் போய்க் கேட்டிருப்பா?"

நாம் விடை சொல்லவில்லை. மணி அடித்தது, வகுப்புக்குப் போகுமாறு பணித்தோம். ஆசிரியர்க்கு மணி பல வேளைகளில் நல்ல துணை.

மாணவன் கண்ட குறை நேரியது. நாவலிலே விக்ரோறியாவின் கொலையையும் பொலிசார் விசாரிக்கின்றனர், அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் கதையின் கண் விடுதிக்கு வந்தவர்மீதே இருக்கின்றது. வந்தவர்க்கு அது விடுமுறைத் தீவு. விக்ரோறியாவுக்கு அது ஊர். வந்தவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு வானூர்தி ஏறுவர். அவளுடைய வீட்டிலே அன்றிரவு என்ன நடந்தது என்பது நூலின் எல்லைக்கு வெளியே கிடக்கின்றது. இக்குறை ஒரு நூலுக்கு மட்டும் உரியதன்று. 2011ஆம் ஆண்டு தொடங்கி பி.பி.சி. நிறுவனத்தார் ஒளிபரப்பிவரும் 'சொர்க்கத்தில் மரணம்' என்னும் பொருள்படும் தொடரைப் பாருங்கள். சென்ற் மாரி என்னும் கற்பனைத் தீவிலே கதை நிகழ்கின்றது. படம்பிடிப்பதோ பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட குவாதலூப்புத் தீவிலே. கொளுத்தும் வெயிலிலும் கோட்டும் கழுத்துப்பட்டியும் களையாத ஆங்கிலேயத் துப்பறிவாளர் ஒருவருடன் தொடர் தொடங்கிற்று. அவர் போக மற்றொருவர், அவர் போக வேறொருவர் எனத் தலைமைத் துப்பறிவாளர் ஒவ்வொருவரும் கடல் கடந்தே வருகின்றனர். தீவின் பொலிசார் நல்லவர், கெட்டிக்காரர், நகைச்சுவை மிக்கவர். ஆயினும் எல்லாரையும் ஓரிடத்திலே கூட்டிவைத்து உண்மையை உரைக்கும் உரிமை பெரும்பாலும் வந்தவர்க்கே உரியது. தீவார் தம் இறந்தவரைப் பற்றித் தாமே கேட்க வல்லரல்லர் என்பதுபோல.

தீவார் கேட்க வல்லரோ அல்லரோ என்பதை நாம் நூலிலே படித்தறிய வேண்டியவரல்லர். நாமும் தீவகத்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்திலே ஊரை விட்டுப் பெயர்ந்து, வலிகாமத்திலே உறவினர் வீட்டுத் தலைவாசலிலே அப்பாச்சியோடு குடியிருந்தோம். 1993ஆம் ஆண்டு, எமது குஞ்சியப்பு கொழும்பிலே ஓர் அலுவலாகப் புறப்பட்டார். அக்காலத்திலே குடாநாட்டவர்க்கு வழி கிளாலி நீரேரி. படகிலே, இரவிலே, உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு கடத்தல் வேண்டும். குஞ்சியப்பு அக்கரை சேரவில்லை. அவரோடு சென்றோரிற் பலரும் சேரவில்லை. யார் சுட்டார், எங்கே வீழ்ந்தார், உடல் எங்கே என எவரும் வந்து சொல்லவில்லை. எவரும் வந்து கேட்கவுமில்லை. கடிதங்கள் எழுதினோம். ஓர் அலுவலகத்திலிருந்து, தங்கள் கடிதம் கிடைத்தது என்று விடை வந்தது. அவ்வளவே.

அப்பாச்சி கேட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர்; பகல் முழுவதும் தலைவாசலிலே சார்வோலை வார்ந்து கடகம் இழைத்துக்கொண்டிருப்பவர். கிளாலிப் பாதையால் வந்தவர் எவராயினும், அறிந்தவரோ அறியாதவரோ, வழியிலே மறித்து உள்ளே அழைத்து, மோர் கொடுத்து இருத்தி, கை ஓலையை விடாமலே கேட்பார்:

"அண்டைக்கு எத்தினை மணிக்கு வள்ளம் வெளிக்கிட்டது, மோனை? ஓட்டி ஆர்? முன்னுக்கு இருந்தது ஆர்? நீலக் கோடன் சேட்டுப் போட்ட ஒரு பொடியனைக் கண்டனியே? கையிலை ஒரு பழுப்புப் பை."

ஒருவர் சொன்னதை மற்றவர் சொன்னதோடு ஒப்பிடுவார். "கந்தையற்றை மோன் ஒன்பது மணி எண்டான், இவன் பதினொண்டு எண்டிறான். ஆரோ ஒருத்தன் பிழையாச் சொல்லுறான்" என்று தமக்குள்ளே சொல்லிக்கொள்வார். பன்னிரண்டு பதின்மூன்று வயதினராய் இருந்த எமக்கு அது கிழவியின் பித்தாகத் தோன்றிற்று. வந்தவர் முன்னிலையிலே நாணமாகவும் இருந்தது. மூலையிலே கிடந்து சங்கர்லாலைப் படித்துக்கொண்டிருந்தோம். மெய்யான துப்பறிவாளர் ஐந்து முழத் தொலைவிலே ஓலை வார்ந்துகொண்டிருப்பதை அறிந்தோமில்லை.

ஏறக்குறைய ஓராண்டாயிற்று. இறுதியிலே, துறையடியிலே தேநீர்க் கொட்டில் வைத்திருந்த ஒருவர் எமது வீட்டுக்கு அழைத்துவரப்பட்டார். நீலக் கோடன் சேட்டுக்காரர் அன்று அவரிடத்திலே தேநீர் குடித்தார். மிச்சக் காசுக்குச் சில்லறை இல்லையென்றபோது, "திரும்பி வரேக்கை வாங்கிறன், அண்ணை" என்று சொல்லிவிட்டுப் படகேறினார். அப்பாச்சி அந்த வாக்கியத்தை மூன்று முறை சொல்லச்சொல்லிக் கேட்டார். பின்னர் ஓலையைக் கீழே வைத்தார். அன்றுதான் நாம் அவர் அழக் கண்டோம். அதன் பின்னர் வழியிலே எவரையும் மறித்தாரல்லர். கொலைஞனின் பெயர் அவருக்குக் கிட்டவில்லை, நீதியும் கிட்டவில்லை. மகன் உலகிலே கடைசியாகப் பேசிய வார்த்தை கிட்டிற்று. திரும்பி வரும் எண்ணத்தோடுதான் போனான் என்பது கிட்டிற்று. அவ்வளவையும் ஒரு கிழவி கேட்டே பெற்றார்.

'ஒரு கரிபியன் மர்மம்' என்னும் நூலிலே ஓரிடம் உண்டு. நள்ளிரவிலே, இளஞ்சிவப்புக் கம்பளியைத் தலையிலே சுற்றிக்கொண்டு, மார்ப்பிள் அம்மையார் ஒரு செல்வரின் அறைக்குள் நுழைந்து அவரை எழுப்பி, தாமே பழிவாங்கும் தெய்வம் என்கின்றார். செல்வருக்கு அது வேடிக்கையாகின்றது. அன்றிரவு அப்பக்கத்தைப் படித்தபோது எமக்கு நகைப்பு வரவில்லை. அப்பாச்சியின் வெள்ளைச் சேலைத் தலைப்பே கண்முன் வந்தது. கம்பளி பின்னும் கைக்கும் கடகம் இழைக்கும் கைக்கும் இடையிலே கடல் கிடக்கின்றதேயன்றி வேறுபாடு மிகுதியன்று. ஒருவரும் பொருட்படுத்தாத முதியவளே, ஒருவரும் பொருட்படுத்தாத சாவைப் பொருட்படுத்துகின்றாள்.

துப்பறியும் கதையை வெறும் பொழுதுபோக்கென நாம் இகழ்ந்தது தவறென்று இப்பொழுது எண்ணுகின்றோம். சாவுகள் கணக்கின்றி மலிந்த காலத்திலே பிள்ளைகளாயிருந்த நாம், மேலும் ஒரு சாவைக் கதையிலே தேடிப் படித்ததேன்? கொலையிலே கொண்ட வேட்கையாலன்று. அக்கதைகளிலே ஒருவன் இறந்தால் உலகமே நின்று அவனுக்காக வினவுகின்றது. எத்தனை மணிக்கு, எந்த அறையில், யார் கண்டார் என்று இருநூறு பக்கம் கேட்கின்றது. கேட்டு, விடையும் பெறுகின்றது. எமக்குக் கிட்டாத அவ்வொன்றையே விளக்கின் புகையிலே நாம் தேடியிருந்தோம்.

இது தமிழுக்குப் புதிய பொருளன்று. சிலப்பதிகாரத்தை எத்தனையோ முறை கற்பித்திருக்கின்றோம். பொற்கொல்லனின் சொல்லை நம்பி, ஆராயாது கோவலனைக் கொல்வித்தமையே பாண்டியன் செய்த பிழை. கண்ணகி அவைக்குச் சென்று சான்று காட்டுகின்றாள். அரசியின் சிலம்பிலே முத்து. தன் சிலம்பிலே மாணிக்கம். உடைத்துப் பார்க்கட்டும் என்கின்றாள். தடயத்தை முன்வைத்து வழக்கை வென்ற அவளைவிடச் சிறந்த துப்பறிவாளர் உண்டோ? இத்துணை ஆண்டுகள் கற்பின் பெருமை என்றே அப்பகுதியை விளக்கிவந்த நாம், வினவுதலின் பெருமை என்பதை இப்பொழுதே சேர்த்துச் சொல்கின்றோம்.

எமது நாட்டு எழுத்தாளரும் இவ்வினாவை உணர்ந்துள்ளனர். மைக்கேல் ஒண்டாச்சி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட 'அனிலின் ஆவி' என்னும் நாவலிலே, தடயவியல் வல்ல ஒரு பெண் பெயர் தெரியாத ஓர் எலும்புக்கூட்டுக்கு அதன் பெயரை மீட்டுக் கொடுக்க முயல்கின்றாள். ஷெஹான் கருணாதிலக்க 2022இல் புக்கர் பரிசு பெற்ற நாவலிலே, கொலையுண்ட புகைப்படக் கலைஞனே ஆவியாய் அலைந்து தன்னைக் கொன்றவரைத் தேடுகின்றான். கேட்பதற்கு வேறொருவரும் இல்லாத ஊரிலே இறந்தவனே துப்பறிய வேண்டியிருக்கின்றது. இவை விடுமுறைத் தீவின் கதைகளல்ல. அத்தீவிலே விக்ரோறியாக்களின் வீட்டுப் பக்கத்திலிருந்து எழுதப்பட்ட கதைகள்.

பறிமுதல் செய்யப்பட்ட புத்தகத்தின் சொந்தக்காரன் இப்பொழுது பல்கலைக்கழகத்திலே பயில்கின்றான். அவன் கேட்ட அன்று நாம் மணியோசையிலே மறைந்துகொண்டோம். கல்லூரித் தாயின் விழா நாளிலே அவ்விடையைத் தந்து கடன் தீர்க்கின்றோம்: தம்பி, விக்ரோறியாவின் தாய், வழியாற் போவோர் வருவோர் எல்லாரையும் கேட்டிருப்பா. மோர் கொடுத்துக் கேட்டிருப்பா. அதை எழுதுவதற்கு ஒருவரும் அவ்விடத்திலே இருக்கவில்லை. நீர் இருந்தால் எழுதும்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு சொல். வகுப்பு வேளையிலே கதைப் புத்தகம் படித்தல் குற்றமே. அகப்பட்டாற் பறிமுதல் செய்வோம். ஆனால் நல்ல வினாவோடு வந்தால் திருப்பித் தருவோம். இக்கல்லூரி எமக்குக் கற்பித்தது விடைகளை மட்டுமன்று. கேட்கும் துணிவையும் கற்பித்தது. அத்துணிவு மேலும் பல தலைமுறைக்குக் கைமாறுவதாக. வாழ்க எம் கல்லூரித் தாய்!